எண்ணெய்க்கு டைமர் தெரியாது

"மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இந்த மெஷின் என்ன சொல்லுதுன்னு வந்து பாரு. காலையில ஒண்ணு ஊத்துது, மத்தியானம் ஒண்ணு ஊத்துது."

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு வீட்டில் இந்த மாதிரி அழைப்புகள் புதிதல்ல. டி.வி. ரிமோட் முதல் தண்ணீர் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் நாம்தான் டாக்டர். வார நாட்களில் இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் சாஃப்ட்வேர் எழுதுகிற நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தாய்மாமாவின் மரச்செக்கு எண்ணெய் ஆலைக்குப் போனேன். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கிறது. வாசலில் நின்றால் யானைமலை தெரியும். உள்ளே போனால் எள்ளும் கருப்பட்டியும் சேர்ந்து அரைபடும் வாசனை.

மாமா பழைய எண்ணெய் நிரப்பும் மெஷின் ஒன்றை இன்னொரு ஆலையிலிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தார். அதுவரை புனல் வைத்து, அளவுக் குவளையில் மொண்டு, கையால்தான் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மெஷின் வந்ததும் வேலை பாதியாகும் என்று நினைத்தார். ஆனால் தலைவலிதான் இரண்டு மடங்கானது.

அந்த மெஷினைச் சரி செய்யப் போன நான் என்ன கற்றுக்கொண்டேன், எங்கே தப்பு செய்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் எண்ணெய் ஆலை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. மாதம் ஒரு பாட்டில் எண்ணெய் வாங்குபவராக இருந்தாலே போதும், இது உங்கள் விஷயம்தான்.

மெஷினுக்குள் என்ன இருக்கிறது?

பயப்பட ஒன்றும் இல்லை. மேலே ஒரு ஸ்டீல் டேங்க். அதிலிருந்து கீழே வரும் குழாயில் கரண்டில் திறந்து மூடும் ஒரு வால்வு. குழாயின் நுனியில் நாஸில். பக்கத்தில் ஒரு சின்ன கன்ட்ரோல் பெட்டி. பெட்டியில் நான்கு பட்டன், ஒரு டிஸ்ப்ளே. பாட்டிலை நாஸிலுக்கு அடியில் வைத்து பட்டனை அழுத்தினால் வால்வு திறக்கும். குறித்த நேரம் முடிந்ததும் மூடும். அவ்வளவுதான்.

இதற்குள் இருக்கும் புரோகிராமை மூன்று வரியில் சொல்லிவிடலாம். வால்வைத் திற. 8.20 விநாடி காத்திரு. வால்வை மூடு.

விற்றவர் மெஷினை மாட்டிக் கொடுத்தபோது ஒரு மத்தியான நேரத்தில் அளந்து பார்த்து அந்த 8.20-ஐ வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. டிஸ்ப்ளேயில் '1000 மி.லி.' என்று அழகாக எழுத்து வரும். அந்த ஆயிரத்தை மெஷின் அளக்கவே இல்லை! 8.20 விநாடி முடிந்தால் '1000' என்று காட்டு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், அது காட்டுகிறது. டேங்க் காலியாக இருந்தாலும் '1000' என்றே காட்டும். சந்தேகமாக இருந்ததால் நான் டேங்க் வால்வை மூடிவிட்டு பட்டனை அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விழவில்லை. டிஸ்ப்ளே '1000 மி.லி.' என்றது. மாமா என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

காலையும் மத்தியானமும்

வியாதி இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் போல எண்ணெய் எப்போதும் ஒரே மாதிரி ஓடாது. குளிர்ந்தால் கெட்டியாகி மெதுவாக வரும். சூடானால் இளகி வேகமாக ஓடும். சமையல் எண்ணெய்களின் கெட்டித்தன்மை 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறத்தாழ பாதியாகிவிடும். மதுரையில் மார்கழி அதிகாலையில் ஆலைக்குள் நின்றால் போர்வை கேட்கும். சித்திரை மத்தியானத்தில் தகரக் கூரைக்கு அடியில் நிற்கவே முடியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே 8.20 விநாடி என்றால் எப்படிச் சரி வரும்?

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டி நிறைய இருக்கும்போது குழாயில் தண்ணீர் வேகமாக வரும், அடியில் கொஞ்சம் இருக்கும்போது நூலாக வரும். எண்ணெய் டேங்கும் அப்படித்தான். மட்டம் இறங்க இறங்க, அதே விநாடிகளில் விழும் எண்ணெய் குறையும்.

ஆலையில் எண்ணெய் நிரப்பும் அக்கா இதற்கெல்லாம் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். காலையில் வந்ததும் நேரத்தைக் கூட்டுவார். பத்து, பதினொரு மணிக்கு எண்ணெய் வழிய ஆரம்பித்ததும் குறைப்பார். டேங்க் மட்டம் இறங்கினால் மறுபடி கூட்டுவார். பாட்டில் கழுத்தில் மட்டம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் எல்லாமே. அதாவது, மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் அந்த அக்காதான்!

ஆனால் கண் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. 8 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமான பாட்டிலில் 15 மில்லி எண்ணெய் என்பது 3 மில்லிமீட்டர் உயரம்தான். பாட்டிலைச் சற்று அமுக்கிப் பிடித்தாலே அந்த 3 மில்லிமீட்டர் மாறிவிடும். எத்தனை அனுபவம் இருந்தாலும் கண்ணால் அதைப் பிடிக்க முடியாது.

மில்லியா, கிராமா?

மாமாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எள்ளை எப்படி வாங்குறீங்க?" என்பதுதான். "கிலோ கணக்குலதான்." "எண்ணெயை மொத்தமா வித்தா?" "டின் கணக்கு. பதினஞ்சு கிலோ டின்." பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் படிப்பவர்களுக்கு இது தெரியும். எண்ணெய் விலையை அங்கே 15 கிலோவுக்குத்தான் போடுவார்கள். வியாபாரிக்கு வியாபாரி விற்கும்போது எடை. நம் வீட்டுக்கு வரும்போது மட்டும் லிட்டர்!

லிட்டரில் தப்பில்லை. ஆனால் எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதைப் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சில நிறுவனங்கள் பாக்கெட்டில் '60 டிகிரி வெப்பத்தில் 1 லிட்டர்' என்பது போலக் குறிப்பிட்டு வந்தன. ஒரு லிட்டர் சோயா எண்ணெயின் எடை 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்று அந்த அறிவிப்பு கணக்கு சொன்னது. 26 கிராம் வித்தியாசம்! வெப்பநிலையை எழுதாமல் அளவையும் எடையையும் சரியாகக் குறிப்பிட வேண்டும் என்று சொல்லி, 2023 ஜனவரி 15 வரை நிறுவனங்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். 30 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 910 கிராம் என்பது பொதுவாக எல்லோரும் லேபிளில் போடும் கணக்கு. எங்கள் நல்லெண்ணெயையும் அளவு ஜாடியில் பிடித்து எடை போட்டுப் பார்த்தோம். 910-க்குப் பக்கத்தில்தான் வந்தது. மாமாவின் லேபிளிலும் '1 லிட்டர் / 910 கிராம்' என்றுதான் இருக்கிறது.

எடையில் ஒரு வசதி உண்டு. பாட்டிலுக்குள் போன 910 கிராம் மார்கழியிலும் 910 கிராம்தான், சித்திரையிலும் 910 கிராம்தான். எண்ணெய் மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும், டேங்க் நிறைய இருந்தாலும் குறைந்தாலும், தராசுக்குக் கவலை இல்லை. எனவே விநாடியைத் தூக்கி எறிந்துவிட்டு, எடையைப் பார்த்து வால்வை மூடலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டாயிரம் ரூபாயில் ஒரு மூளை

வால்வு ஏற்கெனவே மெஷினில் இருந்தது. நான் சேர்த்தவை இவைதான். ஓர் ஆர்டுயினோ போர்டு. 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட சின்ன கன்ட்ரோலர் இது, இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட விளையாடுகிறார்கள். 5 கிலோ வரை தாங்கும் ஒரு லோட் செல், அதாவது எலெக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கும் அதே அலுமினியக் கட்டை. லோட் செல்லின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி எண்ணாக்கிக் கொடுக்கும் எச்.எக்ஸ்.711 என்ற சிப் உள்ள சின்ன போர்டு. வால்வை ஆன், ஆஃப் செய்ய ஒரு ரிலே. டவுன்ஹால் ரோட்டில் கொஞ்சம், ஆன்லைனில் கொஞ்சம் என்று வாங்கியதில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

புரோகிராம் இப்படிப் போகிறது. காலி பாட்டிலை வைத்ததும் அதன் எடையைப் பூஜ்யமாக எடுத்துக்கொள். வால்வைத் திற. எடையைப் படித்துக்கொண்டே இரு. 910 வந்ததும் மூடு.

சுலபமாக இருக்கிறது அல்லவா? முதல் பாட்டிலில் 934 கிராம் விழுந்தது!

ஏன்? எச்.எக்ஸ்.711 சாதாரணமாக ஒரு விநாடிக்கு 10 முறைதான் எடையைச் சொல்லும். விநாடிக்கு 110 கிராம் எண்ணெய் விழும்போது, ஒரு எடைக்கும் அடுத்த எடைக்கும் நடுவில் 11 கிராம் ஓடிவிடுகிறது. வால்வு மூட எடுக்கும் நேரம் தனி. வால்வு மூடிய பிறகும் நாஸிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அந்தரத்தில் இருக்கும் எண்ணெய் உள்ளேதான் விழும். அதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

இதற்கு மூன்று மருந்து போட்டேன். ஒன்று, சிப்பை விநாடிக்கு 80 முறை படிக்கும்படி மாற்றினேன். போர்டில் ஒரு காலின் இணைப்பை மாற்றினால் போதும். இரண்டு, மெல்லிய குழாயோடு இன்னொரு சின்ன வால்வு சேர்த்தேன். 860 கிராம் வரை பெரிய வால்வு, அதன் பிறகு சின்ன வால்வில் நிதானமாக. வீட்டில் எண்ணெய் ஊற்றும்போது கடைசியில் கையைத் தளர்த்துகிறோமே, அதேதான். மூன்று, 910 வருவதற்கு முன்பே மூடிவிடுவது. எவ்வளவு முன்பே? அதை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் முடிந்த பிறகு உண்மையான எடை என்ன என்று புரோகிராம் பார்க்கும். கூடிப் போயிருந்தால் அடுத்த பாட்டிலுக்குக் கொஞ்சம் முந்தி மூடும். குறைந்திருந்தால் கொஞ்சம் பிந்தி. காலைக் குளிரிலிருந்து மத்தியான வெயில் வரை தானே தன்னைத் திருத்திக்கொண்டு போகும். அக்கா செய்ததைத்தான் மெஷின் செய்கிறது, கண்ணுக்குப் பதில் தராசை வைத்து.

செக்கு சுற்றும் அதிர்ச்சியில் எடை ஆடியது. மேஜையின் கால்களுக்கு ரப்பர் போட்டு, சுவரோரம் தள்ளி வைத்ததும் அடங்கியது. ஃபேன் காற்றுகூட இரண்டு கிராம் காட்டியது, அதையும் திருப்பி வைத்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு, எந்தப் பாட்டிலை எடுத்தாலும் இலக்கிலிருந்து 2 கிராமுக்குள் நின்றது.

ஒன்று சொல்ல வேண்டும். என் லோட் செல் சட்டப்படியான தராசு அல்ல. வியாபாரத்துக்கான தராசை ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் அதைச் செய்கிறார்கள். எனவே மணிக்கு ஒருமுறை ஐந்து பாட்டில்களை எடுத்து ஆலையின் முத்திரைத் தராசில் வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. மருந்து ஆலைகளில் இப்படி இடையிடையே எடுத்துப் பார்ப்பது கட்டாய வழக்கம். கண் லென்ஸும் கண் மருந்தும் செய்யும் அரோலேப் 1992 முதல் இயங்குவது நம் மதுரையில்தான். சொட்டு மருந்துக்கு இருக்கும் அந்தக் கவனம் சமையல் எண்ணெய்க்கு மட்டும் ஏன் வேண்டாம்?

ஏழு கிராம்

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மெஷின் சரியானதும் மாமா ஒரு நாள் கேட்டார். "மாப்ள, ஒரு லிட்டருக்கு பதினஞ்சு மில்லி வரைக்கும் கூடக் குறைய இருக்கலாம்னு சட்டமே விடுதாம்ல? எள்ளு விலை ஏறிப் போச்சு. நாம அவ்வளவு வேணாம். ஒரு ஏழு கிராம் குறைச்சு வையேன். 903."

சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு உண்டு என்பது உண்மை. 2011-ன் பொட்டலப் பொருட்கள் விதிகளில், ஒரு லிட்டர் பாட்டிலில் 15 மில்லி வரை பிழையைப் பொறுத்துக்கொள்கிறார்கள். எந்த மெஷினும் நூறு சதவீதம் துல்லியமாக இருக்க முடியாது என்பதால் கொடுத்த சலுகை அது. நான் அதிகம் யோசிக்கவில்லை. புரோகிராமில் 910 என்று இருந்த இடத்தில் 903 என்று மாற்றினேன். போர்டில் ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது, நிரப்பும் அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, கணக்கு இடிக்குது. டேங்க்ல ஊத்துனது 3,549 கிலோ. பாட்டில் 3,900 வரணும். சிந்துனது, டேங்க்ல ஒட்டுனது போக எப்பவும் அஞ்சாறு குறையும். இந்த மாசம் 3,922 வந்துருக்கு. மெஷின் எண்ணெயை எங்கிருந்து எடுக்குது?"

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். அவரே கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துவிட்டு, "நானும் இங்கதான் தம்பி எண்ணெய் வாங்குறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றுதான் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 150 பாட்டில். மாதத்தில் 26 நாள். 3,900 பாட்டில். ஒவ்வொன்றிலும் 7 கிராம். மொத்தம் 27,300 கிராம். 910-ஆல் வகுத்தால் சரியாக 30 பாட்டில்! லிட்டர் 400 ரூபாய் என்றால் 12,000 ரூபாய். ஒத்தக்கடையிலும் மேலூரிலும் யார் யார் வீட்டுத் தாளிப்புக் கரண்டியிலிருந்தோ சொட்டுச் சொட்டாக எடுத்த 30 பாட்டில்.

சட்டத்தையும் முழுதாகப் படித்தேன். 15 மில்லி என்பது தனிப் பாட்டிலில் நேரும் பிழைக்கு. அதே விதி, மொத்தத்தில் எடுத்துப் பார்க்கும் பாட்டில்களின் சராசரி லேபிளில் சொன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும், சராசரி சரியாக இருக்க வேண்டும். அதுதான் பிழை. எல்லாவற்றிலும் ஒரே பக்கமாகக் குறைந்தால் அது பிழை இல்லை, திட்டம். எங்கள் பாட்டிலில் எந்த ஒன்றை எடுத்தாலும் தப்பித்துவிடும். பத்தை எடுத்துச் சராசரி பார்த்தால் மாட்டிக்கொள்ளும். மெஷின் எவ்வளவு துல்லியமோ, அவ்வளவு துல்லியமாக நாங்கள் குறைத்துக் கொடுத்திருக்கிறோம்!

மாமாவிடம் கணக்கைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. வெகு நேரம் பேசவும் இல்லை. பிறகு சொன்னார்: "எங்கப்பா இருந்தப்ப தராசுல கை வைக்கிறவனைக் கடைப் பக்கம் சேர்க்க மாட்டாரு. நானும் வச்சதில்ல. ஆனா இது தராசுல கை வைக்கிற மாதிரியே தெரியலையே மாப்ள."

எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. தட்டுக்கு அடியில் புளியை ஒட்டுபவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். அவன் கை அதைச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியிருக்கிறது. புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றுபவனுக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை. ஒருமுறை மாற்றினால் போதும். பிறகு அவன் வீட்டில் தூங்கும்போதும் மெஷின் அதைச் செய்துகொண்டே இருக்கும்.

வாங்கியவர்கள் யார் என்று தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் பெரும்பாலும் அதே கடைகள், அதே வீடுகள்தான். அடுத்த மாதம் முழுக்க மாமா 917 வைக்கச் சொன்னார். வைத்தேன். இப்போது இலக்கு 912. மெஷினின் 2 கிராம் ஆட்டம் வாங்குபவர் பக்கம் விழட்டும் என்பதற்காக.

பெட்ரோல் பங்க்கிலும் இதே கதை

இது ஒரு சின்ன ஆலையின் கதை என்று நினைக்காதீர்கள். 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் சிறப்பு அதிரடிப்படை லக்னோவில் பல பெட்ரோல் பங்க்குகளில் சோதனை நடத்தியது. பம்புகளுக்குள் ரிமோட்டில் இயங்கும் சின்னச் சின்ன சிப்புகள் இருந்தன. பெட்ரோல் பம்பில் மீட்டர் சுழலும்போது ஒவ்வொரு துளி அளவுக்கும் ஒரு எலெக்ட்ரானிக் துடிப்பு போகும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் டிஸ்ப்ளே லிட்டரைக் காட்டுகிறது. நடுவில் ஒரு சிப் புகுந்து இல்லாத துடிப்புகளைச் சேர்த்துவிட்டால், டிஸ்ப்ளே தப்பே செய்யாமல் தப்பான லிட்டரைக் காட்டும்.

ஆனாலும் பெட்ரோல் பங்க்கில் நமக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கேட்பவர்கள்தான் குறைவு.

என் கருத்து

டிஜிட்டல் டிஸ்ப்ளேயில் வரும் எண்ணை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். படியில் ஊற்றினால் தலை தட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்த நம் பாட்டிகள், மெஷினில் வந்தால் பார்ப்பதில்லை. மெஷின் அளப்பதற்கும் மெஷின் சொல்வதற்கும் நடுவில் ஒருவர் எழுதிய புரோகிராம் இருக்கிறது. அந்த ஒருவர் என்னைப் போல டீ குடித்துக்கொண்டே எண்ணை மாற்றுபவராகவும் இருக்கலாம்.

நிரப்பும் மெஷின் விற்பவர்களுக்கு: விநாடியை வைத்து ஓடும் மெஷினில் '1000 மி.லி.' என்று காட்டாதீர்கள். '8.20 விநாடி' என்று உண்மையைக் காட்டுங்கள். அளப்பதை மட்டும் அளவு என்று சொல்லுங்கள்.

ஆலை வைத்திருப்பவர்களுக்கு: எடையை வைத்து நிரப்புங்கள். இலக்கு எண்ணை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்பது மெஷினில் பதிவாகட்டும். எங்கள் மெஷினில் இப்போது அது ஒரு மெமரி கார்டில் எழுதப்படுகிறது. எண்ணை மாற்றினால் நிரப்பும் அக்காவுக்கு டிஸ்ப்ளேயில் தெரியும். இதைச் செய்ய இருபது வரி புரோகிராம்கூடத் தேவைப்படவில்லை.

என்னைப் போலப் புரோகிராம் எழுதுபவர்களுக்கு: ஓர் எண்ணை மாற்றச் சொன்னால், முதலில் அதை மாதக் கணக்கால் பெருக்கிப் பாருங்கள். ஏழு கிராம் என்று கேட்கும்போது சரி என்றுதான் வாய் வரும். முப்பது பாட்டில் என்று கேட்டால் வராது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: சமையலறைத் தராசு இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில், கடையில் உங்கள் கண் முன்னால் எடை போட்ட ஒரு கிலோ சர்க்கரையை வைத்து அந்தத் தராசு சரியா என்று பாருங்கள். பிறகு புது எண்ணெய் பாட்டிலை மூடியோடு எடை போட்டு, லேபிளிலேயே எழுதி வையுங்கள். தீர்ந்ததும் நன்றாக வடித்துவிட்டு, காலி பாட்டிலை அதே மூடியோடு எடை போடுங்கள். முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் வாங்கிய எண்ணெய். லேபிளில் உள்ள கிராமோடு ஒப்பிடுங்கள். ஒரு பாட்டிலில் ஐந்து, பத்து கிராம் குறைந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது பிழையாக இருக்கலாம். ஒரே கம்பெனியின் நான்கு, ஐந்து பாட்டிலிலும் ஒரே மாதிரி குறைந்தால், அது வேறு விஷயம். கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

எங்கள் ஆலையின் முன்பக்கத்தில், வாங்க வருபவர்களைப் பார்த்தபடி மாமா இப்போது முத்திரைத் தராசை வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு காலி பாட்டில், மூடியோடு. யார் வேண்டுமானாலும் இரண்டையும் வைத்துக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. போன வாரம் ஒரு பாட்டியம்மா தன் பேரனை விட்டுப் பார்க்கச் சொன்னார். பையன் கழித்துப் பார்த்து, "913, ஆச்சி" என்றான். பாட்டியம்மா மாமாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மூணு கிராம் கொசுறா?" என்றார்.